கைவினைஞரைத் தேடிப் போன கமலாதேவி

குழந்தைகளே, பண்டிகைக்குத் துணி எடுக்க அம்மா, அப்பாவுடன் கடைக்குப் போயிருப்பீர்கள். நிறம் பார்ப்பீர்கள், விலை பார்ப்பீர்கள், கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பீர்கள். அந்தத் துணியை நெய்தவர் யார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? யோசித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் யோசித்ததில்லை.

ஆனால் ஒரு பெண்மணி தம் வாழ்நாளில் பாதியை இந்த யோசனையிலேயே கழித்தார். அவர் பெயர் கமலாதேவி சட்டோபாத்யாயா. சட்டோபாத்யாயா என்பது கணவர் வழி வந்த வங்காளப் பெயர். அவர் பிறந்தது மங்களூரில், 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள்.

அப்பா மாவட்ட ஆட்சியராக இருந்தவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் கமலாவுக்கு ஏழு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை. அக்காலச் சட்டப்படி சொத்து முழுவதும் அப்பாவின் முதல் தாரத்து மகனுக்குப் போய்விட்டது. அம்மா கிரிஜாபாய்க்கும் மகளுக்கும் மாதாமாதம் ஏதோ கொஞ்சம் கொடுப்பதாகச் சொன்னார்கள். அம்மா அதை வாங்க மறுத்துவிட்டார். தாய் வீட்டுச் சீதனத்தை வைத்தே மகளை வளர்த்தார். ஒரே நாளில் வீடு கை மாறிப் போவதை அந்தச் சின்னப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்குச் சொத்தில் உரிமை வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் பேசியபோது, அது புத்தகத்தில் படித்த பேச்சாக இருக்கவில்லை.

பதினான்கு வயதில் கமலாவுக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். இன்று பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படிக்கும் ஒரு பெண்ணின் வயதுதான் அப்போது அவருக்கு. அந்தக் காலத்தில் விதவைப் பெண் என்றால் வீட்டு மூலைதான். கிரிஜாபாய் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இருக்கிறதே ராணி மேரிக் கல்லூரி, அங்குதான் கமலாதேவி சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த தோழி சுஹாசினி, கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தங்கை. அவர்களுடைய சகோதரர் ஹரீந்திரநாத் கவிஞர், நாடகக்காரர். கமலாதேவி அவரை மறுமணம் செய்துகொண்டார். ஊர் என்னென்ன பேசியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். (பிற்காலத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஒரே மகனைக் கமலாதேவி வளர்த்தார்.) இருவருமாக நாடகங்கள் போட்டார்கள். நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறலாமா என்று கேட்ட காலம் அது. அவரோ 1931-இல் கன்னடத்தில் வந்த 'மிருச்சகடிகா' என்ற ஊமைப் படத்திலும் நடித்தார்.

லண்டனில் படிக்கப் போயிருந்தபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் பற்றிக் கேள்விப்பட்டார். 1923-இல் இந்தியாவுக்குத் திரும்பி, சேவாதளத்தில் சேர்ந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 1926-இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் நின்றார். இந்தியாவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் சட்டசபைத் தேர்தலில் நின்றதில்லை. மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப்போனார்.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. தண்டி யாத்திரையில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் காந்தியடிகள் முதலில் சம்மதிக்கவில்லை. கமலாதேவி நேரில் போய் வாதாடினார். பெண்களும் உப்புச் சட்டத்தை மீறலாம் என்று பிறகு அனுமதி வந்தது. பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சிப் பொட்டலம் கட்டி, பங்குச் சந்தைக்குள் நுழைந்து விற்றார். அதோடு விட்டாரா? நீதிமன்றத்துக்கே போய், அங்கிருந்த நீதிபதியிடம் சுதந்திர உப்பு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்! நீதிபதி என்ன பதில் சொன்னாரோ! கமலாதேவிக்குச் சிறைதான் கிடைத்தது. அது ஒரு தடவையோடு முடியவும் இல்லை.

இதுவரை சொன்னதை வரலாற்றுப் புத்தகத்திலும் படிக்கலாம். இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

1947-இல் சுதந்திரம் வந்தது. கூடவே நாடு இரண்டாகப் பிரிந்தது. லட்சக்கணக்கான மக்கள் வீடு வாசலை விட்டு, கட்டிய துணியோடு டெல்லிக்கு வந்து கூடாரங்களில் கிடந்தார்கள். விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள் பலருக்கு அப்போது பதவிகள் காத்திருந்தன. கமலாதேவி பதவிப் பக்கம் போகவில்லை, கூடாரங்களின் பக்கம் போனார். அகதிகளுக்கு இலவசச் சோறு போட்டுக்கொண்டே இருக்க முடியாது, அவர்கள் கைக்கு வேலை வேண்டும் என்று நினைத்தார். 1948-இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை ஏற்படுத்தினார். வடமேற்கு எல்லைப் பகுதியிலிருந்து வந்த ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேருக்காக டெல்லிக்கு அருகே ஃபரிதாபாத் நகர் உருவானபோது, அந்த ஒன்றியம் முன்னின்று உழைத்தது. அந்த மக்களே செங்கல் சுமந்து தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

அங்கேதான் அவர் ஒன்றைக் கவனித்தார். அகதிகளில் பலர் நெசவாளர்கள், பூத்தையல்காரர்கள், துணிக்குச் சாயம் போடுபவர்கள். தொழில் கையில் இருக்கிறது. செய்த பொருளை எங்கே விற்பது?

குழந்தைகளே, ஒரு கைத்தறிச் சேலை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்ப்போமா? முதலில் நீள வாட்டில் பாவு நூல் ஓட்ட வேண்டும். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அது நீண்டு கிடக்கும். பிறகு ஊடை நூலைத் தார் சுற்ற வேண்டும். இதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பாட்டிமார்களும் செய்வார்கள். அதன் பிறகுதான் நெசவாளர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, ஒவ்வொரு இழையாக அடித்து நெய்கிறார். சாதாரணச் சேலைக்கே சில நாள் ஆகும். நல்ல வேலைப்பாடுள்ள பட்டுச் சேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பேர் உழைப்பில் வந்த சேலையை, கடன் கொடுத்த வியாபாரி தான் நினைத்த விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். பட்டணத்துக் கடையில் அதற்கு வேறு விலை. நெய்தவருக்கு அந்த விலையும் தெரியாது, வாங்கியவர் முகமும் தெரியாது. வாங்கியவருக்கும் நெய்தவரைத் தெரியாது.

இந்த இடைவெளியைத்தான் கமலாதேவி மூடப் பார்த்தார். டெல்லியில் அரசு தொடங்கியிருந்த மத்திய குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தை 1952-இல் அவருடைய கூட்டுறவு ஒன்றியம் நடத்த ஏற்றுக்கொண்டது. நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் துணிகளும் பொம்மைகளும் பித்தளைச் சாமான்களும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. ஊர் ஊராகக் கிடந்த கைவினைஞர்களுக்குத் தலைநகரில் ஒரு சந்தை கிடைத்தது.

அதே 1952-இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. அதன் தலைவர் பொறுப்பும் இவருக்கே வந்தது. தலைவர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் என்றுதானே நினைப்போம்? இவர் கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகக் கிளம்பிவிட்டார். எந்த ஊரில் எந்தத் தொழில் சாகக் கிடக்கிறது, அதைத் தெரிந்த கிழவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தேடிப் போனார்.

காளஹஸ்தியைச் சொல்கிறேன். திருப்பதி போகிறவர்கள் பலர் அந்தக் கோயிலுக்கும் போய் வந்திருப்பீர்கள். அந்த ஊர்க் கலம்காரித் துணி ஒரு காலத்தில் பெயர் பெற்றது. கலம் என்றால் பேனா. கூராகச் சீவிய மூங்கில் குச்சியின் மேல் துணியையோ கம்பளியையோ சுற்றி நூலால் கட்டிவிடுவார்கள். சாயத்தில் தோய்த்து மெல்ல அழுத்தினால் மை இறங்கும். பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைப்பார்கள். பால் எதற்குத் தெரியுமா? வரைந்த கோடு துணியில் பரவாமல் இருக்கத்தான். கறுப்பு மைக்கு இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப் போடுவார்கள். சிவப்பு பிடிக்கப் படிகாரம். ஒவ்வொரு நிறத்துக்கும் துணியை மறுபடி மறுபடி அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். இராமாயணமும் மகாபாரதமும் ஒரே துணியில் கதையாக விரியும்.

1950-களில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். வாங்க ஆளில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த முதியவர்களும் போய்விட்டால் தொழிலும் அவர்களோடு போய்விடும் என்ற நிலை. கமலாதேவியின் முயற்சியால் கைவினை வாரியம் அந்த ஊரில் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. தொழில் தெரிந்தவரே ஆசிரியர். படிக்க வந்த பையன்களுக்கு உதவித்தொகையும் உண்டு. நான் ஆசிரியராக இருந்தவன், அதனால் சொல்கிறேன்: பசியோடு வரும் பிள்ளையை உட்கார வைத்துப் பாடம் நடத்துவது எத்தனை கடினம் என்பது எனக்குத் தெரியும். அந்த உதவித்தொகையைப் பற்றி யோசித்தவரை நான் வணங்குகிறேன்.

சிறந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது கொடுக்கும் வழக்கம் 1965-இல் தொடங்கியது. அதற்கும் பின்னணியில் இவர் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1964-இல், இந்தியக் கைவினைக் கழகம் உருவாகவும் இவரே காரணம். அதன் தலைமையகம் எங்கே தெரியுமா? நம் சென்னையில்தான்.

அவருக்கும் விருதுகள் வந்தன. 1955-இல் பத்மபூஷண், 1966-இல் மகசேசே விருது, 1987-இல் பத்மவிபூஷண். கைவினைகளைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் பல புத்தகங்கள் எழுதினார்.

ஆனால் அவர் போட்ட பாதையில் முள்ளும் உண்டு. கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கண்காட்சியில் அசல் கைத்தறி என்று சத்தியம் செய்து ஒருவர் விற்ற சேலையை அம்மாவுக்கு வாங்கிப் போனேன். எதிர் வீட்டு நெசவாளர் அதை விரித்து, ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டார். அன்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவரே தறி வைத்திருந்தவர். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லையே!

பிறகு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த குச்சியால் அகலத்தை இழுத்துப் பிடித்திருப்பார்கள். அதனால் இரண்டு ஓரத்திலும் நுண்ணிய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். நெசவும் அங்கங்கே ஒரு மயிரிழை முன்பின்னாக இருக்கும். 2006-இல் அரசு கைத்தறி முத்திரை என்று ஒரு சின்னத்தை அறிமுகப்படுத்தியது. கடையில் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று நீங்களே கேட்கலாம். எந்த ஊர்த் தறி என்றும் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை!

கமலாதேவி 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பம்பாயில் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. அவர் தலைமை வகித்த கைவினை வாரியத்தை 2020-இல் மத்திய அரசு கலைத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

காளஹஸ்திக் கலம்காரி புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு. இன்றும் அங்கே வீட்டுத் தரையில் துணியை விரித்து, மூங்கில் பேனாவால் இராமர் பட்டாபிஷேகம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் போய்விடலாம்.