குருதியின் வகை கண்ட கார்ல் லாண்ட்ஸ்டைனர்

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பழமொழி. சொந்தபந்தத்திற்கு ஆபத்து என்றால் இரத்தம் கொடுக்க முந்துகிறோம். ஆனால் பெற்ற தாயின் இரத்தம்கூட மகளுக்குச் சேராமல் போகலாம்! பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இதைப் படித்து வியந்தோம். இவ்வுண்மையைக் கண்டறிந்த மேதையே கார்ல் லாண்ட்ஸ்டைனர்.

இவர் 1868 ஜூன் 14 அன்று ஆஸ்திரியாவில் வியன்னா நகரையொட்டிப் பிறந்தார். பத்திரிகையாளரான தந்தை இவரது ஆறாம் வயதில் காலமானார். தாய் ஃபான்னியே இவரை வளர்த்து ஆளாக்கினார். அத்தாயின் முக வார்ப்பை இவர் இறுதிவரை தம் அறைச் சுவரில் வைத்திருந்தாராம். 1891-இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின் வேதியியலும் கற்றார்.

அந்நாளில் இரத்தம் ஏற்றினால் சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். காரணம் எவருக்கும் தெரியவில்லை. லாண்ட்ஸ்டைனர் தம் இரத்தத்தையும் உடன் பணிபுரிந்தோர் இரத்தத்தையும் எடுத்து, ஒருவரின் சிவப்பணுக்களை மற்றவரின் சீரத்தோடு கலந்தார். சில கலவைகள் திரிந்த பால்போல் கட்டி கட்டியாயின! 1901-இல் மூன்று வகைகளை அறிவித்தார். அவையே இன்றைய ஏ, பி, ஓ. மறு ஆண்டே இவர் சகாக்கள் ஏபி வகையைக் கண்டனர். ஏ வகையினரின் சீரத்தில் பி அணுவைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டு. பி வகையினரிடம் ஏ அணுவைத் தாக்குவது உண்டு. ஓ வகையினரிடம் இரண்டும் உண்டு. ஏபி வகையினரிடம் இரண்டுமே இல்லை.

முதல் உலகப் போருக்குப்பின் வியன்னாவில் வறுமை சூழ்ந்தது. 1919-இல் குடும்பத்தோடு நெதர்லாந்து சென்று, ஹேக் நகரின் சிறிய கத்தோலிக்க மருத்துவமனையில் பணிபுரிந்தார். நம் பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் டச்சுக்காரர்களின் நாடு அதுவே! பின்னர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனம் இவரை அழைத்துக்கொண்டது. 1930-இல் நோபல் பரிசு பெற்றார். 1940-இல் வீனருடன் சேர்ந்து ஆர்எச் காரணியை வெளிப்படுத்தினார். 1943-இல் ஆய்வுக்கூடத்திலேயே மாரடைப்பு வர, இரு நாள் கழித்து ஜூன் 26 அன்று இறைவனடி சேர்ந்தார்.

அவர் கண்ட உண்மை இன்றும் உயிர் காக்கிறது. கவாசாகி, கில்லன்–பாரே போன்ற நோய்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் மருந்தைச் சிரைவழி ஏற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதால், ஏ, பி அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்களும் அதில் கலந்திருக்கும். அதிக அளவில் ஏற்றும்போது ஏ, பி, ஏபி வகையினர் சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். ஓ வகையினருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆகவே மருத்துவர்கள் இரத்த வகையைக் கருத்தில் கொண்டு ஹீமோகுளோபினைக் கண்காணிக்கிறார்கள். அதே எதிர்ப்பொருள் நன்மையும் செய்யும். ஆர்எச் நெகடிவ் தாய் ஆர்எச் பாசிடிவ் குழந்தையைப் பெற்றால், 72 மணி நேரத்திற்குள் போடும் ஆன்டி-டி ஊசி அடுத்த குழந்தையைக் காக்கும்.

இது நம் குப்பங்களுக்கு மிகவும் தேவையான அறிவு. பட்டணத்தில் இம்மருந்தை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய குழந்தைக்குச் சில நாளில் கண் மஞ்சளாகலாம், சிறுநீர் கறுந்தேநீர் நிறமாகலாம், சோர்வு மிகலாம். உடனே சூடு என்று இளநீரும், காமாலை என்று கீழாநெல்லியும் கொடுத்து நாள் கடத்தக் கூடாது. படகேறிப் பேருந்து பிடித்துப் போகும் தொலைவு என்றாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏற்றிய மருந்தையும் சொல்ல வேண்டும். இதை நம் அம்மாக்களுக்கும் ஆயாக்களுக்கும் எடுத்துச் சொல்வது படிக்கும் பெண்களான நம் கடமையன்றோ?

லாண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14 உலக இரத்த தான தினமாகும். அந்நாளுக்குள் நாம் ஒவ்வொருவரும் நம் இரத்த வகையை அறிந்து வைப்போம். இன்னும் மூன்று ஆண்டுகளில் நமக்குப் பதினெட்டு நிறையும். அன்று நாமும் இரத்தம் கொடுப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி