கிடங்கு கூட்டிய பையனும் அமேசான் வண்ணத்துப்பூச்சிகளும்



டார்வினைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் அவர் கொள்கைக்குக் காட்டிலிருந்து சாட்சி கொண்டு வந்து கொடுத்தவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

1825-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். அப்பாவுக்குக் காலுறைத் தொழில். 13 வயசோடு பள்ளிப் படிப்பு நின்றது. காலுறை வியாபாரி ஒருவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். காலை 7 மணிக்குக் கிடங்கைக் கூட்ட ஆரம்பித்தால் ராத்திரி 8 மணி வரை வேலை. அதுக்கப்புறம்தான் படிப்பு! தொழிலாளர்களுக்காக நடந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் இரவு வகுப்பு. நம்ம பாலிடெக்னிக்குக்கு அது ஒரு வகையில் பாட்டன் முறை!

லீவு கிடைத்தால் பக்கத்துக் காட்டில் வண்டு பிடிப்பார். 1843-ல் வண்டுகள் பற்றி அவர் எழுதிய சின்னக் கட்டுரை ஓர் ஆராய்ச்சி இதழில் வந்தது. அப்போ அவருக்கு வயசு 18. நம்ம வயசுதான்!

அதே ஊரில் வாத்தியாராக இருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் நண்பரானார். 1848-ல் இருவரும் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள். பூச்சிகளைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, அது விற்ற காசில்தான் சாப்பாடு. வாலஸ் 1852-ல் திரும்பிவிட்டார். பேட்ஸ் 11 வருஷம் அங்கேயே இருந்தார். மஞ்சள் காய்ச்சல் வந்தது. கைப்பொருள் திருடு போனது. ஒரு முறை 12 மாதம் பணமும் வரல, கடிதமும் வரல. செருப்பு கிழிந்து வெறுங்காலோடு நடந்தார்.

ஆனால் அவர் கண்ட காட்சி இருக்கிறதே! பாரா நகரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கும் தூரத்துக்குள் சுமார் 700 வகை வண்ணத்துப்பூச்சிகள். அவர் கணக்குப்படி பிரிட்டனில் மொத்தமே 66, ஐரோப்பா முழுசுக்கும் 321தான்! மழைக்காலம், வெயில்காலம் இரண்டிலும் அலைந்து, எது எங்கே வாழ்கிறது என்று குறித்தார். ஆற்று மணலில் மஞ்சள் பூச்சிகள் கும்பலாய் உட்கார்ந்து ஈரம் உறிஞ்சும். பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள். பெண்களோ காட்டோர நிழலில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். இருண்ட காட்டுக்குள் போனால், கண்ணாடி மாதிரி இறக்கையோடு ஒன்று சருகை ஒட்டிப் பறக்கும்.

அங்கேதான் அந்தப் பெரிய விஷயம் பிடிபட்டது. சில பூச்சிகள் பளிச்சென்ற நிறத்தில் மெதுவாகப் பறந்தும் பறவைகள் தொடுவதில்லை. காரணம், ருசி கெட்டவை. வேறு குடும்பத்துப் பூச்சி ஒன்று அதே வேஷம் போட்டுத் தப்பிக்கிறது! ஊருக்கு ஊர் அசல் மாறினால் வேஷமும் மாறுகிறது. கொஞ்சமாவது ஒத்திருந்தவை பிழைத்து, ஒத்திராதவை இரையாகி, தலைமுறை தலைமுறையாக வந்த வேஷம் இது என்று 1861-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் விளக்கினார். டார்வின் மகிழ்ந்து போனார். இன்றைக்கும் அதன் பெயர் பேட்சியன் மிமிக்ரி. நம்ம ஊர்க் கறிவேப்பிலைச் செடியில் புழுவாக வளரும் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் சிலவும் இதே வேஷக்காரிகள்தான்!

அவர் சேர்த்தது 14,000-க்கும் மேற்பட்ட இனங்கள். அதில் சுமார் 8,000 அறிவியலுக்கே புதுசு. 1863-ல் அமேசான் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். இத்தனைக்குப் பிறகும் பிரிட்டிஷ் மியூசியத்தில் கேட்ட வேலை கிடைக்கல. 1864 முதல் 1892-ல் இறக்கும் வரை ராயல் புவியியல் சங்கத்தில் உதவிச் செயலாளராக உழைத்தார்.

எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ படிச்சு என்ன கிழிக்கப்போறே என்று கேட்கிறவங்க உங்க தெருவிலும் இருப்பாங்க. பட்டமே வாங்காத பேட்ஸ் பெயர் இன்று உலகத்துப் பாடப் புத்தகங்களில் நிற்கிறது. படிப்பு எத்தனை வருஷம் என்பதைவிட, கண்ணைத் திறந்து எத்தனை வருஷம் பார்த்தோம் என்பதுதான் முக்கியம் தோழர்களே!