எஃகுக்காக ஈடு வைத்த வைரம்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

தந்தை தேடிய செல்வத்தை மைந்தன் காப்பது உலக வழக்கு. தந்தை கண்ட கனவுக்காகத் தன் செல்வம் முழுவதையும் ஈடு வைத்தவர் எத்தனை பேர்? அத்தகைய பெருமகனார்தாம் சர் தோராப்ஜி டாடா.

ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகனாக 1859-இல் பம்பாயில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் பம்பாயிலும் பயின்று 1882-இல் பட்டம் பெற்றார். இந்திய மண்ணில் எஃகு உருக்க வேண்டும் என்ற கனவு நனவாகுமுன்பே, 1904-இல் தந்தை மறைந்தார். மைந்தர் தளர்ந்தாரில்லை. 1907-இல் நிறுவனம் தோன்றியது. பங்குத் தொகையை இந்திய மக்களே மூன்று வாரங்களில் அள்ளித் தந்தனர். 1912-இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது.

முதல் உலகப் போரில் அதன் தண்டவாளங்கள் மெசபடோமியா வரை சென்றன. போர் ஓய்ந்ததும் ஐரோப்பாவின் மலிவான எஃகு இங்கே வந்து குவிந்தது. 1924-இல் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணமில்லை. தோராப்ஜி தம் சொத்துகளை எல்லாம், துணைவியார் மெஹர்பாயின் 245 காரட் ஜூபிலி வைரம் உட்பட, ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார்.

அதே ஆண்டில் எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. உத்தரம் முதலிய கட்டுமான எஃகு இறக்குமதிக்கு டன்னுக்கு 30 ரூபாய் தீர்வை விதிக்கப்பட்டது. ஆலை பிழைத்தது.

ஆனால் தீர்வையைக் கொடுத்தவர் யார்? அயல்நாட்டார் மட்டுமா? வீடு கட்டியவரும் பாலம் கட்டியவரும் அல்லவா? என் தந்தை கொத்தனார். கம்பி விலை ஏறினால் கட்டடம் பாதியில் நிற்கும். கட்டடம் நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் அணையும். ஆகவே தீர்வை என்பது தொழிலுக்கு மக்கள் தரும் கடன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்கடனைப் பெறத் தகுதி வேண்டும். மக்கள் சுமை தாங்குமுன் தம் தோளைக் கொடுத்தவர் தோராப்ஜி. 1932-இல் தம் செல்வத்தை அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டு, அவ்வாண்டே கண்மூடினார். வைரமும் பின்னர் விற்கப்பட்டு அறத்துக்கே சேர்ந்தது. பம்பாயில் 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அவ்வறத்தின் கனி.

மாணவ நண்பர்களே! மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரியில் நாம் படிக்கிறோம். நாமும் கடனாளிகளே. திருப்பிக் கொடுக்க மறவாதிருப்போம்!