ரஹீம் மாஸ்டர்: இந்தியக் கால்பந்தின் வாத்தியார்

நம் குடியிருப்பின் காலி மனையில் மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகளின் சட்டை முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ என்று பெயர் இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் ஆசியாவிலேயே முதலிடத்தில் நம் நாட்டு அணி நின்ற காலமும் ஒன்று உண்டு. அந்த அணியை உருவாக்கியவர் சையத் அப்துல் ரஹீம்.

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு தொடங்கி 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வென்றது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியே ஓடி வித்தை காட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஒரே தொடுதலில் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும், இரண்டு காலாலும் ஆடப் பழக வேண்டும் என்பது அவர் பாடம்.

1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று நம் அணி தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. அந்த ஒரு கோலை அடித்தவர் நம் பக்கத்து ஊரான பெங்களூரின் அகமது கான். குளிரில், ஈரத் தரையில், நம்மவர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. ரஹீம் சோர்ந்துவிடாமல் ஆட்ட முறையையே மாற்றி அமைத்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மட்டும் 3 கோல். அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையது. முடிவில் 4-ஆம் இடம்.

ஆள் பார்த்து எடுப்பதிலும் அவர் கெட்டிக்காரர். செகந்திராபாத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமைக் கண்டெடுத்தார். பயிற்சிக்கு வர அந்தப் பையனிடம் வசதியில்லை என்று தெரிந்ததும் சைக்கிள் வாடகைக்குத் தாமே பணம் கொடுத்தார். அதே பலராம் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டிக்குப் போகும்போது ரஹீமின் உடல்நிலை சரியில்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறொருவராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்கள வீரராக இறக்கினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம்; அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை ஓர் இந்திய அதிகாரி கண்டித்திருந்ததால், மைதானம் முழுக்க நமக்கு எதிர்ப்புக் கூச்சல். அன்று நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ஆடி உயர்ந்தவர் இவர். பி.கே. பானர்ஜி ஒன்று, தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம் நமக்கு.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11-ல், நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் காலமானார். வயது 53. அதற்குப் பின் இன்றுவரை ஆசியப் போட்டிக் கால்பந்தில் நமக்குத் தங்கம் இல்லை. 1970-ல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான்.

தமிழ், தெலுங்கு, பஞ்சாபி, வங்காளம், உருது பேசியவர்களை ஒரே அணியாக ஆட வைத்தவர் அவர். ஓசூரில், சிப்காட் வேலைக்கு வந்த எல்லா மாநிலத்தார் பிள்ளைகளும் நம் காலி மனையில் ஒன்றாகத்தான் ஆடுகிறார்கள். அந்த மனையைக் கார் நிறுத்தக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொதுக்குழுவில் பேச்சு வரும். முடிவெடுக்கும் முன் ஒரு மாலை அங்கே போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அந்தக் கூட்டத்திலும் ஒரு பலராம் இருக்கலாம்.