குழந்தைகளுக்காக எமனோடு போராடிய டாக்டர்

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இருந்தார். நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பது அவர் வேலை அல்ல. இறந்துபோன குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்து, எந்த நோயால் மரணம் நேர்ந்தது என்று கண்டு சொல்வதே அவர் வேலை.

அவர்தான் சிட்னி ஃபார்பர்.

1903-ம் ஆண்டு பபலோ நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 14 குழந்தைகள். இவர் மூன்றாவது பிள்ளை.

அந்தக் காலத்தில் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளில் யூதர்களுக்கு எளிதில் இடம் கிடைக்காது. ஆகவே ஃபார்பர் ஜெர்மனிக்குப் போய் முதல் வருடம் படித்தார். பிறகு ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்து, 1927-ல் டாக்டர் ஆனார். இரண்டே வருடத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

மருந்தே இல்லாத நோய்

ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளை அவர் கண்டார். நேற்று வரை ஓடி விளையாடிய பிள்ளை திடீரென்று வெளுத்துப் போகும். காய்ச்சல் அடிக்கும். ரத்தம் கசியும். சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் உயிர் போய்விடும்.

இதற்கு அப்போது மருந்தே கிடையாது. பெற்றோர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கீரையில் ஒரு சத்து இருக்கிறது. ஃபோலிக் அமிலம் என்று பெயர். உடம்பில் ரத்தம் ஊற அது வேண்டும். அந்தச் சத்தைக் கொடுத்தால் ரத்தம் சீராகுமோ என்று எண்ணி, ஃபார்பர் அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்.

நடந்ததோ விபரீதம்! நோய் இன்னும் வேகமாகப் பரவியது. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போல் ஆயிற்று.

வேறொருவராக இருந்தால் அத்தோடு கைவிட்டிருப்பார். ஃபார்பர் வேறு விதமாக யோசித்தார். சத்து கிடைத்தால் நோய் வளருகிறது. அப்படியானால் சத்தைத் தடுத்தால் நோய் பட்டினி கிடந்து சாகுமே!

சென்னையில் படித்தவர் உதவி

சத்தைத் தடுக்கும் மருந்து வேண்டுமே? அதைச் செய்து கொடுத்தது லெடர்லி என்ற மருந்துக் கம்பெனி. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் நாட்டுக்காரர். ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்!

அவருடைய குழுவினர் செய்த மருந்துக்கு அமினோப்டரின் என்று பெயர். ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும். புற்றுநோய் அணுக்கள் ஏமாந்து அதை எடுத்துக்கொள்ளும். பிறகு பெருக முடியாமல் திண்டாடும்.

1947-ம் ஆண்டு முடிவில் குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்தும் பொல்லாதது. வாயெல்லாம் புண்ணாகும். சாகப்போகும் பிள்ளைகளை எதற்காக வதைக்க வேண்டும் என்று நினைத்த டாக்டர்களும் உண்டு. அவர்கள் நினைத்ததைத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள்!

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. இது தற்காலிகக் குணம்தான் என்பதை ஃபார்பர் மறைக்கவில்லை. 1948 ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரையிலேயே அதை எழுதினார். அடுத்த ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் காலமானார். அவருக்கு வயது 53.

ஜிம்மி கேட்ட டெலிவிஷன்

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். 1948 மே மாதம், ஆஸ்பத்திரியில் இருந்த 12 வயதுப் புற்றுநோய்ச் சிறுவன் ஒருவனை ரேடியோவில் பேச வைத்தார்கள். அவன் பெயரை மறைத்து, ஜிம்மி என்று அழைத்தார்கள். பந்து விளையாட்டுப் பார்க்க அவன் ஒரு டெலிவிஷன் பெட்டி கேட்டான். ஜனங்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பி வைத்தார்கள்! பெட்டியும் வந்தது.

அந்த நிதியைக் கொண்டு ஆராய்ச்சி வளர்ந்தது. அமினோப்டரினின் தம்பி போன்ற மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோயில் 10 பேருக்கு 9 பேர் பிழைக்கிறார்கள்.

ஃபார்பர் 1973 மார்ச் 30-ந் தேதி மாரடைப்பால் மரணம் அடைந்தார்.

ஜிம்மி? அவனும் இறந்திருப்பான் என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1998-ல், ரேடியோவில் பேசி 50 வருடம் கழித்து, அவர் பாஸ்டனுக்கு வந்தார். லாரி ஓட்டிப் பிழைத்த அவருக்கு அப்போது பேரப் பிள்ளைகளும் இருந்தார்கள்.