ஒரு சொல்லுக்கு 134 பொருள் எழுதியவர்

இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளைக்காரரின் வாழ்க்கை. பெயர் சாமுவேல் ஜான்சன். இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பார்த்தாலே நமக்குப் பயமா இருக்கு இல்லையா? அந்தச் சொற்களோடு மல்லுக்கட்டியவர்தான் இவர்.

ஜான்சன் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அப்பா புத்தகக் கடை வைத்திருந்தார், ஆனால் வருமானம் போதவில்லை. குழந்தையிலேயே கழலை நோய் வந்து முகத்தில் தழும்பு விழுந்தது. ஒரு கண்ணில் பார்வை ரொம்பக் குறைவு. இருந்தாலும் கடையில் இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்து எடுத்துப் படித்தார்.

1728-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். அங்கே அவருடைய செருப்பு கிழிந்து கால்விரல் வெளியே தெரியுமாம். யாரோ இரக்கப்பட்டு அவர் அறை வாசலில் புதுச் செருப்பு வைத்தார்கள். அவர் கோபத்தோடு அதைத் தூக்கி எறிந்துவிட்டார். அவ்வளவு ரோஷம்! ஆனால் ரோஷம் கட்டணம் கட்டாது. 13 மாதத்தில் பணம் இல்லாமல் பட்டம் வாங்காமலே திரும்பிவிட்டார். நம்ம ஊரிலும் பணம் இல்லாமல் படிப்பை விட்ட அக்கா அண்ணன்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த இடம் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளைகள் சேரவில்லை, மூடிவிட்டார். 1737-ல் தன் மாணவர் டேவிட் கேரிக்கோடு லண்டன் போனார். கேரிக் பின்னாளில் பெரிய நடிகர் ஆனார். ஜான்சன் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார்.

1746-ல் லண்டன் புத்தக வியாபாரிகள் சேர்ந்து, இங்கிலீஷுக்கு ஒரு நல்ல அகராதி எழுதித் தரச் சொன்னார்கள். கூலி 1575 பவுண்டு. மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார், ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நல்ல புத்தகங்களைப் படித்து, வேண்டிய சொல்லுக்குப் பென்சிலால் கோடு போடுவார். ஆறு உதவியாளர்கள் அந்த வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதுவார்கள். வேலை பாதியில் இருந்தபோது 1752-ல் அவர் மனைவி இறந்துவிட்டார். அந்தத் துக்கத்திலும் அவர் வேலையை விடவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரிய பெரிய சொற்கள் அவருக்குத் தொல்லை தரவில்லை. டேக், செட், புட், கம் மாதிரிக் குட்டிச் சொற்கள்தான் படாதபாடு படுத்தின. டேக் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள் எழுதினார்! காரணம், வினைச்சொல்லுக்குப் பின்னால் ஆன், ஆஃப், அவுட் என்று ஒரு சின்னச் சொல் ஒட்டினால் பொருளே மாறிவிடும். கிவ் என்றால் கொடு, ஓவர் என்றால் மேலே. ஆனால் கிவ் ஓவர் என்றால் நிறுத்திவிடு! செட் என்றால் வை, செட் அவுட் என்றால் புறப்படு. ஃபால் என்றால் விழு, ஃபால் ஆன் என்றால் தாக்கு. டேக் ஆஃப் என்பதற்கு அவர் தந்த ஒரு பொருள், நகல் எடுப்பது. விமானம் கிளம்புகிற பொருள் அதில் வராது, ஏன்னா அப்போது விமானமே கிடையாது!

வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் பெரிய கஷ்டம் இந்தச் சேர்க்கைதான் என்று அவரே முன்னுரையில் எழுதினார். அதனால் இவற்றை ரொம்பக் கவனமாகத் திரட்டினார். விட்டுப்போனவற்றையும், இருக்கிறவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம் என்றார். 250 வருடத்துக்கு முன்பே நம்மைப் போன்றவர்களை நினைத்துப் பார்த்திருக்கிறாரே!

யோசித்தால் நம் தமிழிலும் இதுபோல உண்டு. தம்பியைப் பார் என்பது வேறு, தம்பியைப் பாத்துக்கோ என்பது வேறு. இங்கிலீஷில் லுக் அட், லுக் ஆஃப்டர் என்பதும் அப்படித்தான். தமிழில் நாம் தனித்தனியாக மனப்பாடம் செய்தோமா? பேசிப் பேசித்தானே வந்தது.

1755 ஏப்ரல் 15-ல் அகராதி இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. 42,000 சொற்களுக்கு மேல் இருந்தன. பட்டம் இல்லாமல் போனவருக்கு ஆக்ஸ்ஃபோர்டே எம்.ஏ. பட்டம் கொடுத்தது. ஆனால் வறுமை விடவில்லை. அடுத்த வருடமே கடனுக்காகக் கைது செய்யப்பட்டார், ஒரு நண்பர்தான் பணம் அனுப்பி மீட்டார். 1762-ல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை கொடுத்த பிறகுதான் கஷ்டம் தீர்ந்தது.

அவர் குணமும் பெரிது. ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பர் அவர் வீட்டில் வேலை செய்தார். ஜான்சன் அவரைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். தன் சொத்தில் பெரும்பகுதியை அவருக்கே எழுதி வைத்தார். 1784 டிசம்பர் 13-ல் ஜான்சன் காலமானார். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

தோழர்களே, தோழிகளே! நாமும் ஒரு பழைய நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வினைச்சொல் எழுதலாம். பாடத்தில் அது எந்தச் சின்னச் சொல்லோடு வருகிறதோ, அதை வாக்கியத்தோடு கீழே எழுதிக்கொண்டே போகலாம். நான் டேக் என்ற சொல்லில் தொடங்கி இருக்கிறேன், இதுவரை 11 சேர்ந்திருக்கிறது. 134 வர நாளாகும். வரட்டுமே, அவருக்கே ஒன்பது வருடம் ஆச்சே!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி