பினாங்கு ஈன்ற டாக்டர் வூ லியென் தே

பள்ளிக்கூடத்துக்குப் பல் மிஸ்ஸி வந்துட்டாங்கன்னா போதும், சின்னப் பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளிகிறார்கள். ஊசியைவிட அந்த முகமூடிதான் பயம். பல்லைக் குடையும்போது எச்சிலும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத தூறலாகக் காற்றில் பறக்கும். குனிந்து வேலை பார்ப்பவர் மூச்சில் அது போகாதிருக்கவே அந்தத் துணி. மூச்சுக்காற்றில் பரவும் நோயிலிருந்து வைத்தியரைக் காக்க வழிகாட்டிய பெரியவர் நம் நாட்டில் பிறந்தவர், தெரியுமா?

வூ லியென் தே 1879-இல் பினாங்கில் பிறந்தார். தகப்பனார் சீனாவிலிருந்து வந்த நகைத் தொழிலாளி. மகனோ பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று டாக்டரானார். 1908-இல் சீனாவுக்குப் பணியாற்றப் போனார்.

1910-இன் கடைசி மாதங்களில் மஞ்சூரியாவிலுள்ள ஹார்பின் நகரில் பிளேக் நோய் மூண்டது. கண்டவர் பிழைப்பதில்லை. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்பும் என்று அன்று எல்லாரும் நம்பினார்கள். டாக்டர் வூ இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துச் சோதித்தார். இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், இருமலிலும் மூச்சிலும் பரவுகிறது என்று தெளிந்தார். உடனே காஸ் துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டும் முகமூடி தைக்கச் சொன்னார். அறுவை வைத்தியர்கள் முன்பே துணி கட்டியதுண்டு. ஆனால் அது நோயாளியின் புண்ணைக் காக்க. இதுவோ வைத்தியரையும் காத்தது.

எல்லாரும் கேட்டார்களா? மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர், வயதிலும் பதவியிலும் மூத்தவர். இந்த இளைஞர் பேச்சை அவர் ஏற்கவில்லை. முகமூடி இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே நோயில் மாண்டார். படித்தவருக்கே இந்த வீம்பு! அதன்பிறகு ஊரே முகமூடி கட்டியது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பனியில் நிலம் கல்லாக உறைந்து, புதைக்க வழியின்றி 2,000-க்கு மேற்பட்ட பிணங்கள் குவிந்து கிடந்தன. எரிப்பது சீனர் வழக்கத்துக்கு விரோதம். அரசரின் அனுமதி பெற்று, 1911 ஜனவரி கடைசியில் எரித்தார்கள். மார்ச்சுக்குள் ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் மாண்டவர்கள் ஏறத்தாழ 60,000 பேர்.

அத்தனை பேர் பெற்ற மனிதர், 1937-இல் நாடு திரும்பி ஈப்போவில் சாதாரண டாக்டராகக் கிளினிக் வைத்து உட்கார்ந்தார். 1960 ஜனவரியில், பிறந்த பினாங்கிலேயே காலமானார்.